அவ வழுக்கி வுழல

இல்லம்மா, எழுப்ப மாட்டேன். இப்பதான் கண்ண மூடிச்சி அந்தப் பொண்ணு. மூணு நாளா தூக்கமே இல்ல. எழுந்ததும் நானே சொல்றேன், பாலசமுத்திரத்துலேர்ந்து உங்க மாமியா வந்துகீறாங்கன்னு. நீ குந்து. ஃபேனுக்கு நேரா குந்து. திருப்பதி வெயிலு இப்டித்தான், மலைச்சூடு மொத்தமும் நம்ம தலமேலதான் எறங்கும்.

வூட்ட கண்டுபுடிக்க கஷ்டமா இருந்துச்சா? மார்த்தாம்மா வூடுன்னு கேட்டிருந்தா பால்காரனே இட்டாந்து வுட்டிருப்பான். பை அங்கயே இருக்கட்டும். வாழப்பழமா? பூவும் வாங்கியாந்துகீறியே. உன் மவன் கிரண்குமாரு வரலயா? ஓ, தெருமொனையில வண்டிமேல குந்திக்கினு கீறானா. சர்லே, அங்கயே இருக்கட்டும். கோச்சிக்காத வெங்கடம்மா, இந்த வூட்டுக்குள்ள ஆம்பளைங்கள வுட்றதில்ல. அது ஒண்ணுதான் இங்க சட்டம்.

நீ சொன்னதெல்லாம் நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். ஒரே ஒரு அடி, கோவத்துல கை நீண்டுபோச்சி, அன்னிலேர்ந்து சோறு துன்னாம அழுவுறான், உன் தலமேல கை வெச்சி சத்தியம் பண்ணான். நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல. அவனும் பொய்யா அழுவல. நெஜமாவே அழுவுறான். அதான் எனக்கு பயம்.

ஹர்ஷினிய நான் புடிச்சி வெச்சிக்கினு இல்லம்மா. அந்தக் கதவுக்குத் தாப்பா உள்பக்கம்தான் கீது. அவ வரேன்னா நீ தாராளமா இட்டுக்கினு போ. ஆறு மாசப் புள்ளத்தாச்சிய பஸ்ஸுல ஏத்திப் போவாத, கார் வெச்சிக்கோன்னு மட்டும் சொல்வேன். ஆனா அவ எழுந்திரிக்கற வரிக்கும் குந்திக்கினுதான இருக்கப்போற? ஒரு விஷயம் சொல்றேன் கேளு. உன்ன மாதிரி ஒரு மாமியா. மணியம்மான்னு பேரு. வரதய்யபாளையம் பக்கத்துல ஒரு ஊரு.

இல்ல, உனுக்குத் தெரிஞ்சவ இல்ல. இப்ப அந்த ஊர்ல இல்ல அவ.

மணியம்மாவோட நைனா, அம்மா எல்லாம் அடுத்தவன் நெலத்துல கூலிக்குப் போனவங்க. அப்பால கவுர்மெண்ட்டுல ஒண்ணர ஏக்கரா குடுத்தாங்க. வேர்க்கல்ல போடுவாங்க. மணியம்மா புருசன் கங்கையா மஞ்சக்காமாலையில போய்ட்டான். புள்ள லோகேஸ்வரனுக்கு அப்ப நாலு வயசு. சொந்தக்காரங்க எட்டாம் நாளே அவங்க அவங்க வூட்டுக்குப் போய்ட்டாங்க. ஊர்ல இருந்த சபைலேர்ந்து நாலு பொம்பளைங்க வந்தாங்க. இவ சபைக்காரி கூட இல்ல. வந்து வூட்ட பெருக்கி, கஞ்சி காச்சி, புள்ளைக்குத் தல வாரி வுட்டு, பதினாறு நாளு மாத்தி மாத்தி கூடவே படுத்துக்கினாங்க. அதான் அவள யேசப்பாகிட்ட இஸ்துக்கினு போச்சி. பிரசங்கம் கேட்டு போவல அவ. அந்தக் கஞ்சிக்குப் போனா.

புள்ளய அப்டி வளத்தா. கள எடுத்து, கல்ல பறிச்சி, ஐடிஐ படிக்க வெச்சி. அவனுக்கு ஸ்ரீசிட்டியில ஒரு கம்பெனியில வேல கெடச்சிச்சி. ஊர் வாசல்லயே கம்பெனி பஸ்ஸு வந்து நிக்கும். நீலக் கலர் சட்ட, முன்னாடி இரும்பு வெச்ச பூட்ஸு. அந்த பூட்ஸ மணியம்மாதான் தெனமும் தொடச்சி வெப்பா, எம்மவன் பூட்ஸ் போட்டுக்கினு வேலைக்குப் போறான்னு அவ்ளோ பெரும.

குடியா? அதான் இல்லம்மா. ஒரு சொட்டு தொடமாட்டான். நீயும் அதத்தான சொன்ன, கிரணு குடிக்கமாட்டான்னு. லோகேசு சபையில டோலக்கு வாசிப்பான். கூட்டி வெச்சி பாட்டு சொல்லித் தருவான். பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம், இப்டி ஒரு மாப்ளயான்னு கேட்டாங்க.

பொண்ணு பத்மினி. ஊத்துக்கோட்ட பக்கம். அம்மா இல்ல, நைனா முனிகிருஷ்ணன் கொத்துமேஸ்திரி. பன்னெண்டாவது படிச்ச பொண்ணு. இவங்க சபையில எல்லாமே தெலுங்குதான். மணியம்மாவுக்குத் தெலுங்கு பேச வரும், ஆனா ஜெபம் பண்ணா தமிழ்லதான் வரும். எழுத்து ரெண்டுலயும் தெரியாது. பத்மினி வந்தப்புறம் தெனமும் சாயந்திரம் வேதத்த தமிழ்ல படிச்சி காட்டுவா. அப்பால ஒருநாளு சிலேட்டு ஒண்ணு வாங்கியாந்து, அத்த நீ இன்னமும் கைநாட்டு வெக்கறது எனக்கு நல்லா இல்லன்னு சொல்லி, பேர எழுதக் கத்துக்குடுத்தா. அந்த ணி இருக்குது பாரு, அது மட்டும் வரவே இல்ல இவளுக்கு. ரெண்டு பேரும் வுழுந்து வுழுந்து சிரிப்பாங்க.

அவ முழுகாம இருந்தா. மொத அடி வயித்துல அஞ்சாம் மாசத்துல. அவன் ஷிஃப்ட்லேர்ந்து போன் பண்ணிகீறான், லைன் பிஸியா இருந்துச்சி. அவ நைனாகூட பேசிக்கினு இருந்தா. வந்து யாருகிட்டடி பேசினன்னு கன்னத்துல ஒண்ணு வுட்டான். மணியம்மா அடுப்பாண்ட இருந்தா. பாத்தா. ராத்திரி சோறு போடும்போது அந்தப் பொண்ணு கன்னத்துல நாலு வெரலும் அப்டியே கீது.

இன்னா சொன்னா தெரியுமா? பொறுத்துக்கோம்மா, புள்ள பொறந்தா சரியாய்டுவான். நாம கீழ்ப்படிஞ்சி இருந்தா ஆண்டவரு அவன் மனச மாத்துவாருன்னா. கெட்ட எண்ணத்துல சொல்லலம்மா. கங்கையா இவளயும் அடிச்சிகீறான். லோகேசு வயித்துல இருக்கும்போது வெறகாலயே அடிச்சான். பொறுத்துக்கினா, புள்ள பொறந்தான், உயிரோட கீறா. அப்ப, பொறுத்துக்கினா பொழச்சிக்கலாம்னுதான அவளுக்குத் தெரியும்? வேற இன்னா தெரியும்?

தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா? சரி.

ஏழாம் மாசம். ஒரு சனிக்கெழம சாயந்திரம். ஞாயித்துக்கெழம ஆராதனைக்காவ பொம்பளைங்க சபைய கழுவிக்கினு இருந்தாங்க, மணியம்மாவும் வெளக்குமாத்தோட நிக்கிறா. பத்மினி வந்தா. கால்ல செருப்பு இல்ல. ஒதடு கிழிஞ்சி ஜாக்கெட்டெல்லாம் ரத்தம். நேரா மணியம்மாகிட்ட வந்து, அத்த, என்ன அந்த வூட்டுக்கு அனுப்பாத, இங்கயே ஒரு பாயப் போட்டுக்கினு படுத்துக்கறேன்னா.

சபை அய்யகாரு, பாஸ்டரு, நல்ல மனுசன். இப்பவும் சொல்றேன், நல்ல மனுசன்தான். லோகேச கூப்ட்டு அனுப்பினாரு. அவன் வந்தான். வந்து ஈரத் தரையிலயே முட்டி போட்டு அழுதாம்மா. அவன் அழுவுறத பாத்து அங்க இருந்த பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டாங்க. அய்யகாரு அவன் கையயும் அவ கையயும் சேத்துப் புடிச்சி ஜெபம் பண்ணாரு. எல்லாரும் ஆமென்னு சொன்னாங்க. பத்மினி மட்டும் சொல்லல. அத மணியம்மா கவனிச்சா. கவனிச்சிட்டும், அவ கையப் புடிச்சி வூட்டுக்கு இட்டுக்கினு போனா. வழியில அந்தப் பொண்ணு நின்னுட்டா. நீ கூடவே இருப்ப இல்ல அத்தன்னு கேட்டா. இருப்பேன்டி, எங்க போய்டப்போறேன்னா இவ.

ஒம்பது நாளுதான்.

அன்னிக்கி அவனுக்கு மத்தியான ஷிஃப்டு. கெளம்பி நிக்கிறான், பூட்ஸு போட்டாச்சி. முனிகிருஷ்ணன் போன் பண்ணி, சீமந்தம் வெச்சிடலாம், பொண்ண இட்டாந்துட்றேன்னு சொல்லிகீறாரு. இவனுக்கு, அவ எல்லாத்தயும் நைனாகிட்ட சொல்லிட்டான்னு தோணிச்சி. மணியம்மா வாசல்ல குந்தி வெதைக்கு வேர்க்கல்ல ஒடச்சிக்கினு கீறா. கதவு தெறந்தே இருந்துச்சி. மொத அடி சத்தம் கேட்டுச்சி.

எழுந்திரிக்கல.

நாம உள்ள போனா அவனுக்கு இன்னும் ஏறும், தானே நின்னுடுவான்னு நெனச்சா. கையில இருந்த காய ஒடச்சா. இன்னொரு காய எடுத்தா. அப்ப உள்ளேர்ந்து அத்தன்னு ஒரே ஒரு தடவ கூப்ட்டா பத்மினி. கத்தல. தண்ணி கேக்கற மாதிரி கூப்ட்டா. திரும்பிப் பாத்தா, அந்தப் பொண்ணு தரையில ஒருக்களிச்சி கெடக்கறா, ரெண்டு கையாலயும் வயித்த மூடிக்கினு கீறா. இவன் அந்தக் கைமேலயே ஒதைக்கிறான். ரெண்டு தடவ. அந்த பூட்ஸு காலோட. வாசலுக்கும் அந்த எடத்துக்கும் பத்தடி இருக்கும். அவ்ளோதான்.

நீ அழுவாத. முழுசா கேளு.

ஆட்டோவுல ஏத்தினாங்க. அவனும் ஏறினான். எம்மா, அவளக் காப்பாத்தும்மா, நான் செத்துருவேம்மான்னு அழுவுறான். பத்மினி தல மணியம்மா மடியில. அப்ப இவ குனிஞ்சி அந்தப் பொண்ணு காதாண்ட இன்னா சொன்னா தெரியுமா? யாரு கேட்டாலும் பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லும்மா, இல்லன்னா அவன் வேல போய்டும்னா. அவ கண்ண தெறந்து இவளயே பாத்தா. சரி அத்தன்னா.

இங்கதான், திருப்பதி பெரியாஸ்பத்திரிக்கி இட்டாந்தாங்க. டாக்டரு ஒரு சின்ன வயசு பொண்ணு. எப்டி ஆச்சின்னு தெலுங்குல மூணு தடவ கேட்டா. மூணு தடவயும் வழுக்கி வுழுந்துட்டேன்னுதான் சொன்னா பத்மினி. அந்த டாக்டரம்மா தலய தூக்கி மணியம்மாவ பாத்தாங்க. இவ தரைய பாத்தா.

பொம்பளப் புள்ள. உயிரில்லாமதான் பொறந்துச்சி. பச்சத்துணியில சுத்தி இவ கையில குடுத்தாங்க. தலைமயிரு அவ்ளோ இருந்துச்சி. பத்மினிக்கி ரத்தம் நிக்கவே இல்ல. அவங்களும் எவ்வளவோ பாத்தாங்க. மறுநாளு சாயந்திரம் அவளும் போய்ட்டா. அதுக்கு நடுவுல எதுவுமே பேசல அவ. இந்த உலகத்துல அவ கடைசியா பேசினது அந்த வார்த்ததான். தன்ன கொன்னவனுக்காவ, இவ சொல்லிக்குடுத்த பொய்யி.

போலீஸ் வரலயான்னா? வந்தாங்க. எம்மார்ஓ, அதான் தாசில்தாரு, அவரு கூட வந்து கேட்டாரு, கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள செத்தா அவங்கதான் விசாரிக்கணுமாம். வழுக்கி வுழுந்தான்னு எல்லாரும் சொன்னாங்க. முனிகிருஷ்ணனும் அதத்தான் நம்பினாரு. அறுத்துப் பாத்து குடுத்துட்டாங்க.

அம்மாவயும் புள்ளயயும் ஒரே பெட்டியில வெச்சிதான் அடக்கம். ஊரே வந்துச்சி. லோகேசு பெட்டிமேல வுழுந்து அழுவுறான், நாலு பேரு புடிச்சி தூக்குறாங்க. அய்யகாரு பிரசங்கம் பண்றாரு. நம்ம பத்மினி மேல ஆண்டவருக்குப் பிரியம் அதிகம், அதான் சீக்கிரமா தன்கிட்ட கூப்ட்டுக்கினாருன்னு சொல்றாரு. மணியம்மா மண்ணுமேல குந்திக்கினு இருந்தவ எழுந்து நின்னா. அவளுக்கே தெரியாது எப்டி எழுந்தான்னு.

அய்யகாரு, நிறுத்துங்க. ஆண்டவரு மேல பழி போடாதீங்க. அவரு கூப்டல. அவ வழுக்கி வுழல. எம்மவன் ஒதச்சான். நான் பாத்தேன்.

அவ்ளோதான் சொன்னா. கத்தல. ஆனா அந்தக் கடைசியில நின்னவனுக்கும் கேட்டுச்சி.

பெத்த வயிறான்னு கேக்குறியா? கேளு. ஊரே அதத்தான் கேட்டுச்சி. அன்னிக்கே முனிகிருஷ்ணன்கூட நடந்து ஸ்டேஷனுக்குப் போனா. அங்க எஸ்ஐ, அம்மா நீ சொன்னா உன் ஒரே புள்ள உள்ள போய்டுவான், நல்லா யோசிச்சிக்கோன்னு ரெண்டு மூணு தடவ சொன்னாரு. பாவம், அவருக்கும் வயசான அம்மா இருக்கும். இவ சொன்னத எழுதிக்கினு, கைநாட்டுக்கு மை டப்பாவ நகத்தினாரு. வாணாம் சார், எனக்குக் கையெழுத்து போடத் தெரியும்னா. பேனாவ வாங்கிப் போட்டா. அந்த ணி சரியாவே வந்துச்சி.

கோர்ட்டுல மூணு வருசம். அவன் பக்கத்து வக்கீலு, அன்னிக்கி டாக்டருகிட்ட ஒண்ணு சொன்ன, இப்ப ஒண்ணு சொல்ற, அப்ப நீ பொய்க்காரிதானன்னு கேட்டாரு. ஆமா சார், பொய்தான் சொன்னேன், அந்தப் பொண்ண சொல்ல வெச்சதும் நான்தான், அதுக்கும் எதாவது தண்டன இருந்தா எனக்கும் குடுக்கச் சொல்லுங்கன்னா. ஜட்ஜு அதயும் எழுதிக்கினாரு. அறுத்துப் பாத்த டாக்டரு எழுதினதும் இவ சொன்னதும் ஒத்துப்போச்சி. பத்து வருசம் போட்டாங்க.

நீங்க யேசுசாமி ஆளுங்க, மன்னிக்கச் சொல்ற கூட்டம், மன்னிச்சிருக்கலாமேன்னா? இதே கேள்விய அவ ஆண்டவர்கிட்ட எத்தினி நாளு கேட்டிருப்பா. மன்னிக்கறது வேற வெங்கடம்மா, திருப்பி அனுப்பறது வேற. இது ரெண்டும் ஒண்ணுன்னு அவங்க எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தாங்க. அதுல ஒரு பொண்ணும் ஒரு புள்ளயும் போச்சி. லோகேச மன்னிக்கணும்னா அதுக்கு பத்மினிதான் வாயத் தெறந்து சொல்லணும். அவள ஒருத்தரும் கேக்கவே இல்ல.

அய்யகாரும் அத ஒத்துக்கினாரு. ஊர்ல ஒருத்தரும் மணியம்மாகூட பேசாம இருந்த நேரத்துல ஒருநாளு வந்தாரு. நாக்காலி போட்டும் குந்தல, தரையில குந்திக்கினாரு. நான்தாம்மா கையப் புடிச்சி குடுத்தேன், ஒதட்டுல ரத்தத்த பாத்துக்கினே குடுத்தேன்னு தேம்பித் தேம்பி அழுதாரு. இவ இன்னா ஆறுதல் சொல்லுவா? ரெண்டு பேரும் அழுதாங்க. அப்பால இவதான் சொன்னா. யேசப்பாவோட அம்மா வயித்துல புள்ளயோட தனியா மலநாட்டுக்கு நடந்து போனாங்க, அங்க சொந்தக்காரம்மா ஒருத்தங்க கதவத் தெறந்து மூணு மாசம் வெச்சி பாத்துக்கினாங்கன்னு பத்மினி எனக்கு படிச்சி காட்டிகீறா அய்யா. நம்மகிட்டயும் ஒருத்தி வந்து பாய்தான் கேட்டா. நம்மகிட்ட பாய் இருந்துச்சி அய்யான்னு சொன்னா.

அதுலேர்ந்து வந்ததுதாம்மா இந்த வூடு. போர்டு இல்ல, ஒண்ணும் இல்ல. சபைக்காரங்க அரிசி குடுக்கறாங்க, ஒரு நர்சம்மா வாரத்துல ரெண்டு நாளு வந்து பாத்துட்டு போவாங்க. அந்த அய்யகாரு இப்ப கல்யாணம் பண்ணி வெக்கறப்போ மாப்ளய தனியா குந்த வெச்சி இந்தக் கதய சொல்லிட்டுதான் தாலி எடுத்துக் குடுக்கறாரு. இதுவரிக்கும் பதினோரு பொண்ணுங்க இங்க இருந்து போய்கீறாங்க. எல்லா சாதியும்தான். யாரயும் சபைக்கு வான்னு கூப்ட்டது கெடையாது. ஹர்ஷினி அந்த அலமாரியில உங்க சாமி படத்ததான வெச்சிக்கினு கீறா, போனா பாரு.

இல்ல, திரும்பி புருசன்கிட்ட போனவங்களும் கீறாங்க. ரெண்டு பேரு. அவனுங்க மாறினானுங்களா இல்லயான்னு நாங்க மாசாமாசம் போய் பாக்கறோம். கிரணு மாறவே மாட்டான்னு நான் சொல்லல. மாறட்டும். ஆனா அவன் மாறி முடிக்கற வரிக்கும் இந்தப் பொண்ணு வயித்த பணயம் வெச்சி பாக்க முடியாது இல்ல?

போன் அடிக்குது பாரு, அவன்தான். எடு. எடுத்து இன்னிக்கி வரல, நீ ஊருக்குப் போன்னு சொல்லு. ... சரி, அப்பால சொல்லிக்கோ. உன் இஷ்டம். நீ வேணா இன்னிக்கி இங்கயே தங்கு. அவளோட படுத்துக்கோ, எடம் கீது. நாளைக்கி விடிகாலையில நான் இருக்கமாட்டேன், கடப்பா போவணும். அஞ்சு மணி பஸ்ஸ வுட்டா மனு குடுக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும்.

ஜெயிலுக்குத்தான். ரெண்டு பனியனும் ஒரு துண்டும் எடுத்து வெச்சிகீறேன், அத மட்டும்தான் உள்ள வாங்குவாங்க. நாலு வருசமா மாசம் தவறாம போறேன். அவன் என்னப் பாக்க வெளிய வரமாட்டான். மனு குடுத்துட்டு சாயந்திரம் வரிக்கும் குந்தியிருந்துட்டு வந்துருவேன். துண்டு மட்டும் போன மாசம் வாங்கிக்கினானாம், வார்டரு சொன்னாரு.

மார்த்தாவா? அது ஞானஸ்நானத்துல வெச்ச பேரும்மா. ஆதாருல மணியம்மாதான்.

கைய வுடு, வெங்கடம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. அங்க கேளு, தாப்பா சத்தம். எழுந்துட்டா பாரு உன் மருமவ. போ, போய் பாரு. வா போலாம்னு மொதல்ல சொல்லிடாத. எங்கம்மா வலிக்குதுன்னு கேளு. நான் பத்மினிய அத ஒரு தடவ கூட கேக்கல.